மாதத்துக்கு ஒரு தலைப்பு

ரொறன்ரோ பொது நூலகம் பெரியவர்களுக்கென்று ஒரு வருட வாசிப்புச் சவால் வைப்பது வழக்கம். புத்தகங்களின் பெயரைத் தரமாட்டார்கள், தலைப்புகளை மட்டும் தருவார்கள். இன்ன மாதிரியான ஒரு புத்தகம், இன்ன இடத்தில் நடக்கும் ஒரு கதை என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமானதை நாமே தேடி வாசித்துவிட்டு, தாளில் கோடு போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான். கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை. உண்மையில் வாசித்தீர்களா என்று கேட்க ஆளும் இல்லை.

2022 முடிகிற நேரம் இதை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் பெறாமகள். அக்காவின் மகள், இங்கே பிறந்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள். வாசிப்பதென்றால் ஒரு பக்கத்துக்குள்ளேயே களைத்துப்போவாள். "சின்னம்மா, தனிய வாசிச்சு தனிய கோடு போடுறதிலை என்ன இருக்கு? எல்லாரும் சேர்ந்து செய்வமே" என்றாள். எல்லாரும் என்றால் நான், அக்கா, அவள், எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில் இருக்கும் மாமி, பிறகு மாஸ்டர்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். எண்பது வயது. குளிர்காலத்திலும் சேர்ட்டை உள்ளே விட்டு பெல்ட் கட்டித்தான் நூலகத்துக்கு வருவார். ஊரில் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் ஈழநாடு பேப்பரை யார் முதலில் பிரிப்பது என்று சண்டை பிடித்த தலைமுறை. விதிகளை அவர்தான் வகுத்தார். நூலகம் தரும் தலைப்புகளில் பிடித்ததைப் பொறுக்கிக்கொள்வது, மீதியை நாங்களே போடுவது, மாதத்துக்கு ஒன்று. எந்த மொழியிலும் வாசிக்கலாம். ஆனால் நூலகப் புத்தகமாக இருக்கவேண்டும். காசு கொடுத்து வாங்கியதும் வீட்டு அலுமாரியில் கிடந்ததும் கணக்கில் சேராது. மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஸ்காபரோவில் எங்கள் கிளை நூலகத்தின் ஜன்னலோர மேசையில் கூடிக் கதைப்பது.

தலைப்புக்கு ஏற்ற நூலகப் புத்தகம் என்ற அந்த விதி எவ்வளவு கெட்டித்தனமானது என்பது போகப்போகத்தான் விளங்கியது. சொந்தக் காசில் வாங்குகிறவன் பிடிக்கும் என்று தெரிந்ததைத்தான் வாங்குவான். நூலகத்துக்குள்ளும் பெரிய வித்தியாசம் இல்லை. கதவைத் திறந்ததும் கால் தானாகப் போகிற அடுக்கு ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கும். அக்காவுக்கு வாழ்க்கை வரலாறுகள், மாமிக்கு ரமணிசந்திரன், எனக்குத் தமிழ் நாவல்கள். இதைத்தான் ரசனை என்று சொல்லிக்கொள்கிறோம். பாதி ரசனையாக இருக்கலாம். மீதி, வேறு அடுக்குப் பக்கம் போக ஒரு காரணம் இல்லாததுதான்.

ஜனவரித் தலைப்பு, பிறந்த வருடத்தில் வெளிவந்த புத்தகம். மாமி தன் வருடத்தைச் சொல்லமாட்டேன் என்று மறுத்துவிட்டா. தன் புத்தகத்தின் முதற் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் மேசைக்கு வந்தா. மாஸ்டர் பிறந்தது 1942. அல்பேர் காம்யுவின் 'அந்நியன்' அந்த வருடம் பிரெஞ்சில் வெளிவந்தது என்று பெறாமகள் தேடிப்பிடித்து ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைப் பென்சிலும் கையுமாக, சோதனைப் பேப்பர் திருத்துகிற மாதிரி வாசித்தார். பென்சில் கொப்பிக்கு, புத்தகத்துக்கு அல்ல. வழக்கின்போது, கொலையைவிட, தாயின் சடலத்துக்குப் பக்கத்தில் இருந்து கோப்பி குடித்ததைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள் என்பதை அவரால் தாங்கமுடியவில்லை. "செத்தவீட்டிலை கோப்பி குடிக்கிறது குற்றமெண்டால் எங்கடை ஊரிலை ஒரு சனம் மிஞ்சாது" என்றார். நூலகமென்றும் பாராமல் சிரித்தோம். காம்யுவைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இன்றுவரை பிடித்தது அதுதான்.

பெப்ரவரிக்கு 'நாங்கள் இருக்கும் ஊர்' என்று போட்டிருந்தோம். நான் கனடாவுக்கு வந்தது 1989இல். அன்றிலிருந்து ஸ்காபரோதான். ஊரைப் பற்றி எழுதியவர்கள் என்று கேட்டால் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பட்டியலே சொல்வேன். ஸ்காபரோவை யார் எழுதப்போகிறார்கள்? இங்கே இருப்பதெல்லாம் பிளாசாக்களும் பஸ் தரிப்புகளும்தானே. நூலகத்தில் கேட்டபோது மேசையில் இருந்த பெண் கொஞ்சமும் யோசிக்காமல் இரண்டு நாவல்களைச் சொன்னா. கத்தரின் ஹெர்னாண்டஸ் எழுதிய 'ஸ்காபரோ', டேவிட் சாரியாண்டி எழுதிய 'பிறதர்'. இரண்டும் 2017இல் வந்தவை. நான் இரண்டாவதை எடுத்தேன். மெல்லிய புத்தகம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

திரினிடாட்டிலிருந்து வந்த ஒரு தாய். இரண்டு ஆண்பிள்ளைகள். தகப்பன் இல்லை. தாய் துப்புரவு வேலை செய்கிறாள். ஒரு வேலை முடிய பஸ் பிடித்து அடுத்த வேலைக்குப் போகிறாள். பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போகும்போது கதவைத் திறக்காதே, அடுப்பைத் தொடாதே என்று வரிசையாக எச்சரிக்கிறாள். கதையின் முக்கியமான பகுதி 1991ஆம் ஆண்டுக் கோடையில் நடக்கிறது. அந்தக் காலத்தில் நான் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். வீட்டுக்காரர் பகல் வேலை. இரண்டுக்கும் இடையில் சில மணித்தியாலங்கள் பிள்ளைகள் தனியே இருக்கவேண்டி வரும். அந்தத் தாய் சொல்கிற எச்சரிக்கைகள் எல்லாம் தமிழில் நான் சொன்னவை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் நித்திரையாகிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

அந்த நாவலில் ஒரு நூலகமும் வருகிறது. போக இடமில்லாத பிள்ளைகள் வந்து ஒதுங்குகிற கிளை நூலகம். இதை என் பெரிய மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவனுக்கு இப்போது நாற்பதைத் தொடும் வயது. "நாங்களும் அப்பிடித்தானே அம்மா. பள்ளிக்கூடம் விட்டால் லைபிறறி. நீங்கள் எழும்பிற நேரம் பார்த்து வீட்டை வருவம்" என்றான். எனக்கு அது தெரிந்த விஷயந்தான். ஆனால் அதைப் பற்றி அவனும் நானும் வாய்விட்டுக் கதைத்தது அன்றைக்குத்தான். பகலில் நான் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக இரண்டு பொடியன்கள் நூலகத்தில் இருந்து என்னென்ன வாசித்தார்கள் என்று கேட்டேன். தம்பி முழுக்க டினோசர், தான் முழுக்க ஹொக்கி என்றான்.

மார்ச் மாதம் கவிதை. அதில் அவ்வளவு சுவாரசியம் இல்லை. ஆளுக்கு ஒரு கவிஞரை எடுத்துக்கொண்டு வந்து, தங்கள் ஆள்தான் உயர்த்தி என்று வாதாடினதோடு முடிந்தது.

ஏப்ரலில் மொழிபெயர்ப்பு. பெருமாள்முருகனின் 'பூக்குழி' ஆங்கிலத்தில் 'பயர்' என்ற பெயரில் வந்திருந்தது. அந்த மார்ச்சில்தான் அது சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. தமிழ் நாவல் ஒன்று அந்தப் பட்டியலுக்குப் போனது அதுவே முதல் தடவை. பெறாமகள் அதை எடுத்தாள். அவளோடு கதைக்கவேண்டும் என்பதற்காக நான் தமிழில் எடுத்தேன். கடைசியில் ஐந்து பேரும் அதையே வாசித்தோம். சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன், வேறு சாதிப் பெண் சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான். அதற்குப் பிறகு ஊர் அவளை என்ன செய்கிறது என்பதுதான் கதை. முட்புதருக்குள் ஒளிந்திருக்கும் அவளைச் சுற்றி நெருப்பு வைக்கிறார்கள். அவன் வருகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது. அத்தோடு நாவல் முடிந்துவிடுகிறது. அவன் நேரத்துக்கு வந்திருப்பானா? வந்திருப்பான் என்றாள் பெறாமகள். இல்லை என்றேன் நான். மாமி, வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான், ஊர் அங்கேதானே நிற்கிறது என்றா.

அக்கா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னா, "இதெல்லாம் இந்தியாவிலை."

"எங்கடை ஆக்களிட்டை இல்லையா, அம்மா?"

பெறாமகள் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவேண்டும் என்ற மாதிரித்தான் இருந்தது அந்தக் குரல். மாஸ்டர் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனார். மாமி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றா. எங்கள் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும், யாருக்கும் அவசரம் இருந்ததில்லை. அந்தக் கூட்டம் அப்படியே கலைந்தது.

அவளுக்கு அப்போது ஒருவரைப் பிடித்திருந்தது. எங்களில் சிலருக்கு அது தெரியும். அக்காவுக்குத் தெரியுமோ என்பது எனக்குத் தெரியாது. அவர்களும் யாழ்ப்பாணத்து ஆட்கள்தான். அதற்கு மேல் என்னவென்று யாரும் வாய் திறக்கவில்லை. இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு தலைப்பு செய்கிற வேலை அது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு ஒரு சாட்டு இருந்திராது. நூலகம் அந்தச் சாட்டைக் கொடுத்தது.

மே மாதம் சமையல் புத்தகம். இதில் மாமிதான் ராணி. இலங்கையில் பிறந்து அவுஸ்திரேலியாவில் குடியேறிய சார்மெயின் சொலமனின் தடித்த ஆசியச் சமையல் நூலை மாமி ஒரு மாதமும் மடியில் வைத்திருந்தா. 1976இல் முதலில் வந்த புத்தகம் அது. "இலங்கைக் கறித்தூளைக் கருக வறுக்கவேணும் எண்டு அந்த மனுசி தெரிஞ்சு எழுதியிருக்கு" என்பதுதான் மாமியின் தீர்ப்பு. கூட்டத்துக்கு ஒரு கத்தரிக்காய்க் கறி வந்தது. நூலகத்துக்குள் சாப்பாட்டைத் திறக்கக்கூடாதென்று மாஸ்டர் தடுத்துவிட்டார். வாகனத் தரிப்பிடத்தில் நின்று சாப்பிட்டோம்.

கனடாவில் ஜூன் மாதம் ஆதிக்குடிகளின் வரலாற்று மாதம். அதனால் ஆதிக்குடி எழுத்தாளர் ஒருவரை வாசிப்பதென்று வைத்திருந்தோம். அந்த 2023 ஜூனில்தான் கியூபெக் பக்கத்துக் காட்டுத்தீயின் புகை ரொறன்ரோவை மூடியது. ஜன்னல்களை அடைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்து ரிச்சர்ட் வாகமீஸின் 'இந்தியன் ஹோர்ஸ்' வாசித்தேன். ஓஜிப்வே ஆதிக்குடிச் சிறுவன் ஒருவன், ஆதிக்குடிப் பிள்ளைகளைக் கட்டாயமாக அடைத்துவைத்த விடுதிப் பள்ளி ஒன்றுக்குக் கொண்டுபோகப்படுகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கிற ஒரே விடுதலை ஹொக்கி. குளிரில் உறைந்த குதிரைச் சாணத்தைப் பந்தாக வைத்து அவன் தனியே பழகுகிற பகுதி ஒன்று இருக்கிறது. எழுத்தின் வலு என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பக்கங்களைத்தான் கொடுப்பேன்.

புத்தகத்தை முடித்த பிறகு, அந்தப் பள்ளிகள் எப்போது மூடப்பட்டன என்று தேடினேன். ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்றுதான் என் மனதில் இருந்தது. கடைசிப் பள்ளிகள் 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டிருக்கின்றன. அதாவது நான் இந்த நாட்டில் அகதி என்று பதிந்து, வேலை எடுத்து, வரி கட்டத் தொடங்கிய பிறகும் சில நடந்துகொண்டிருந்தன. என் மகனுக்கு ஹொக்கிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, கனடாக்காரனாகிவிட்டான் என்று பெருமைப்பட்ட வருடங்களில். நாங்கள் இந்த நாட்டுக்கு நன்றி சொல்லிப் பழகியவர்கள். நன்றி சொல்கிறவர்கள் இந்த வரலாற்றையும் வாசித்துவிட்டுச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

ஜூலையில் ஸ்காபரோவின் பழைய ரயில் பாதையில் ஒரு பெட்டி தடம்புரண்டது. அதோடு அந்தப் பாதையையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள். எங்கள் போக்குவரத்து முழுக்கப் பஸ்ஸுக்கு மாறியது. நல்ல காலம், புத்தகத்துக்காக நாங்கள் அலையத் தேவையில்லை. நூறு கிளைகளில் எங்கே இருந்தாலும் கொம்பியூட்டரில் கேட்டு வைத்தால் எங்கள் கிளைக்கு வந்துவிடும். தலைப்பைச் சொன்னால் பெறாமகள் கைபேசியிலேயே தேடி எல்லாருக்கும் பதிந்துவிடுவாள். பெயர்த் துண்டு செருகிய புத்தகம் நாலைந்து நாளில் காத்திருக்கும். இந்த வசதியில் ஒரு நட்டமும் இருந்தது. நூலகத்துக்குப் போவது கடைக்குப் போய்ப் பார்சல் எடுப்பது மாதிரி ஆகிவிட்டது. அடுக்குகளுக்கு நடுவில் யாரும் நடப்பதில்லை.

செப்ரெம்பர்த் தலைப்பை மாஸ்டரே கேட்டு வாங்கினார். நூலகத்தைப் பற்றிய புத்தகம். சூசன் ஓர்லியன் எழுதிய 'த லைபிறறி புக்'கை எடுத்தார். 1986 ஏப்ரல் 29 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகம் எரிந்ததைப் பற்றியது. நாலு லட்சம் புத்தகங்கள் எரிந்துபோயின. ஏழு லட்சம் நனைந்தும் புகைபட்டும் பழுதாகின. செர்னோபில் அணுஉலை வெடித்த அதே வாரம் என்பதால் வெளியுலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆனால் நகரத்துச் சனம் திரண்டு வந்து கைக்குக் கை மாற்றிப் புத்தகங்களை வெளியே எடுத்திருக்கிறது. நனைந்தவற்றில் பூஞ்சணம் பிடிக்காதபடி உணவுப் பண்டங்கள் வைக்கும் குளிர்சாதனக் கிடங்குகளில் உறையவைத்திருக்கிறார்கள்.

மாஸ்டர் இதையெல்லாம் இலக்கங்களோடு சொன்னார். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை யாராவது இழுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவரே இழுத்தார். 1981 மே கடைசி இரவு, ஜூன் முதலாம் திகதி விடிய. தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்கள். "அங்கை சனம் உள்ளுக்குப் போய் எடுத்துக் குடுத்தது. எங்களை ஆர் கிட்டப் போக விட்டது?" என்றார். எரிந்த அன்று அவருடைய வீட்டில் அந்த நூலகத்துப் புத்தகங்கள் இரண்டு இருந்தனவாம். திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் வைத்திருந்து, 1995இல் சனம் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விட்டுவிட்டு வந்திருக்கிறார். என்ன புத்தகங்கள் என்று பெறாமகள் ஆவலோடு கேட்டாள். "நுண்கணிதம். ஒருத்தரும் தேடியிருக்கமாட்டினம்."

ஒக்ரோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை 28ஆம் திகதி. பயம் என்பது அந்த மாதத் தலைப்பு. நாங்கள் போனபோது கொம்பியூட்டர்த் திரைகள் எல்லாம் இருட்டாக இருந்தன. ஏதோ பழுதாக்கும் என்று பேயையும் பிசாசையும் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிட்டோம். பிறகுதான் செய்தி வந்தது. நூலகத்தின் கணினி அமைப்பு முழுவதையும் யாரோ ஊடுருவி முடக்கிவிட்டார்கள். கப்பம் கேட்டிருக்கிறார்கள். நூலகம் கொடுக்கவில்லை. வேலை செய்கிறவர்களின் சொந்தத் தகவல்கள், 1998 வரை பின்னுக்குப் போய், திருடப்பட்டிருக்கின்றன. அதே நாளில் லண்டனில் பிரித்தானிய நூலகமும் இதே மாதிரித் தாக்குதலுக்குள்ளானது. இரண்டையும் செய்தது வேறு வேறு கும்பல்கள் என்கிறார்கள். பொது நூலகத்தை முடக்கிக் காசு பார்க்கலாம் என்று ஒருவனுக்குத் தோன்றுவதே எனக்கு விளங்காத விஷயம்.

"எரிக்கேல்லைத்தானே, பிள்ளை. திரும்பி வரும்" என்றார் மாஸ்டர்.

கிளைகளை அவர்கள் மூடவில்லை. இதைப் பெரிய விஷயமாகவே சொல்வேன். இணையத்தளம் இல்லை, தேட வழி இல்லை, புத்தகம் கேட்டு வைக்க வழி இல்லை, யாரிடம் எது இருக்கிறது என்ற கணக்கும் இல்லை. ஆனாலும் கதவு திறந்திருந்தது. இரவல் கொடுப்பதைக் கையால் எழுதினார்கள். ஒரு தாளில் உங்கள் அட்டை இலக்கம், பக்கத்தில் புத்தகத்தின் பார்கோட் இலக்கம். ஒவ்வொன்றும் பதினான்கு இலக்கம். மேசையில் இருந்த இளம்பெண் ஒருவர் எங்கள் ஐந்து பேருக்கும் எழுதிக் கை சலித்துப்போனதைக் கண்டு, மாஸ்டர் பக்கத்தில் போய் நின்று இலக்கங்களை மும்மூன்றாகப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். அவ எழுதினா. முடிந்ததும் திருப்பி வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் அப்படியே. ஓய்வுபெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த வகுப்பு அது.

திரும்பி வரும் புத்தகங்களைத்தான் ஒன்றும் செய்யமுடியாமல் இருந்தது. கணக்கில் ஏற்ற வழியில்லாததால் அவற்றை லொறிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். ஏறத்தாழப் பத்து லட்சம் சேர்ந்துவிட்டது என்று செய்திகளில் வந்தது. முடிந்தால் புத்தகங்களை வீட்டிலேயே வைத்திருங்கள் என்று நூலகமே கேட்டது. தாமதக் கட்டணத்தை 2022இலேயே எடுத்துவிட்டதால் யாருக்கும் பயமில்லை. மாஸ்டருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. தவணை முடிந்த புத்தகங்களை ஒரு பையில் போட்டு, மேலே திகதி எழுதி ஒட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

நவம்பருக்கு ஜனவரியிலேயே ஒரு தலைப்புப் போட்டு வைத்திருந்தோம்: இதுவரை கை வைக்காத அடுக்கு. பெறாமகளின் கைபேசி உதவாது. வேறு கிளையிலிருந்து ஒன்றும் வராது. எங்கள் கிளையில் அன்று என்ன இருக்கிறதோ அதுதான். அந்த மாதம் நாங்கள் ஐந்து பேரும் கழுத்தைச் சரித்துக்கொண்டு அடுக்கு அடுக்காக நடந்தோம். அறிவியல் பக்கத்தில் சுசான் சிமார்ட்டின் 'ஃபைண்டிங் த மதர் ட்ரீ' கண்ணில் பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாக் காடுகளில் வேலை செய்த பெண். மரம் வெட்டிய இடத்தில் ஊசியிலை மரங்களை நட்டு, அவற்றுக்குப் போட்டியாக வரும் பேர்ச் மரங்களை மருந்தடித்து அழிப்பதுதான் அங்கே நடைமுறை. பேர்ச்சை அழித்தால் மற்றதும் நோயில் விழுகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறா. மண்ணுக்குள் பூஞ்சண இழைகள் வழியாக இரண்டுக்கும் இடையில் கரிமம் போய்வருகிறது என்று 1997இல் 'நேச்சர்' இதழில் எழுதினா. தாய்மரம் என்று அவ பிறகு சொன்னவற்றை ஏற்காத விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். என் சின்ன மகன் அதைச் சொல்லி என் உற்சாகத்தைக் கொஞ்சம் குறைத்தான். அதனால் என்ன? புதருக்குள் குனிந்து ஒரு பெண் மண்ணைக் கிளறிக்கொண்டு, மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பதை முந்நூறு பக்கத்துக்கு மேல் வாசித்தேன். நான் அந்த வருடத்தில் வாசித்தவற்றில் முதலிடம் அதற்கும் 'பிறதர்' நாவலுக்கும்தான்.

டிசம்பரில், வேறொருவர் தெரிந்து தரும் புத்தகம். சீட்டுக் குலுக்கினோம். மாஸ்டர் அக்காவுக்குக் கொடுக்கவேண்டும் என்று வந்தது. அவர் வைத்த விதியை அவரே மீறி, தன் வீட்டு அலுமாரியிலிருந்து கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தார். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை, உள்ளே இருந்து பட்டவர் எழுதியது. முதற் பதிப்பு 1972. மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கோவிலுக்குள் விடமாட்டோம் என்று ஆட்கள் வாசலை மறித்து நின்றது 1968இல். இடையில் நாலு வருடம்தான்.

"இது வந்த காலத்திலை எங்கடை பள்ளிக்கூடத்திலை ஒரு வாத்தியாரும் இதைத் தொடேல்லை. நானும்தான். ஏப்பிரலிலை பிள்ளை கேட்ட கேள்விக்கு நான் தண்ணி குடிக்கப் போனன். அதுக்குத்தான் இது" என்றார்.

அக்கா நத்தார் விடுமுறை முழுக்க அதை வைத்திருந்தா. ஜனவரியில் கூடினபோது நாவலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னா. வேலைக்கு வருகிறவர்கள் கிணற்றுக்குக் கிட்ட வரக்கூடாது. அவர்கள் தள்ளிக் குந்தியிருந்து இரண்டு கைகளையும் குவிக்க, அம்மா வாளியை உயர்த்திப் பிடித்து ஊற்றுவா. முழங்கை வழியாக வழிந்து மண்ணில் போகும். "நான் பக்கத்திலை நிண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். விளையாட்டு மாதிரி இருந்தது" என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து மகளுக்கு விளங்கும்படி சொன்னா. பெறாமகள் அதன் பிறகு கேட்கவேண்டியதைத் தாயிடம் கேட்டாள். அது அவர்களுடைய வீட்டு விஷயம், இங்கே எழுதமாட்டேன்.

நூலகத்தின் கணினிகள் 2024 ஜனவரி முடிவில் ஒவ்வொன்றாக உயிர்பெறத் தொடங்கின. பெப்ரவரி கடைசியில் ஏறக்குறைய எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டன. லொறிப் பெட்டிகளிலிருந்த புத்தகங்களும் அடுக்குக்கு வந்தன. மாஸ்டர் தன் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வந்தார். நாங்கள் அந்த வருடச் சவாலை முடித்ததாக எங்கும் பதியவில்லை. எத்தனை புத்தகம் முடித்தோம் என்ற கணக்கு பிள்ளைகளுக்கு ஒட்டும் ஸ்ரிக்கருக்கு நல்லது. வளர்ந்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு அலுப்புத்தான் வருகிறது. இப்போது நாங்கள் தலைப்புப் போடும்போது ஒரு விதியைக் கூட்டியிருக்கிறோம். வருடத்தில் நாலு மாதமாவது கொம்பியூட்டரில் தேடாமல், கிளைக்குள் நடந்துபோய் அடுக்கில் இருப்பதிலிருந்து எடுக்கவேண்டும்.

இந்த நகரத்தில் இருக்கிற தமிழர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். எங்கள் பகுதிக் கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தகங்களுக்குத் தனி அடுக்குகள் இருக்கின்றன. நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு அட்டை இலவசம். எந்த நூலகத்திலும் இரவல் போகாத புத்தகத்துக்கு அடுக்கில் கன காலம் இடம் கிடைக்காது. இரவல் போகாத மொழிக்குப் புதிய புத்தகம் வாங்குவதும் குறையும். ஊரில் நூலகம் எரிந்த நாளை வருடாவருடம் நினைவுகூருகிறோம், அது தேவைதான். இந்த மாதம் போய் இரண்டு தமிழ்ப் புத்தகம் எடுத்துக்கொண்டு வாருங்கள். தவணைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இரண்டை எடுங்கள்.